இருபத்தாறு மூட்டை இலை

எனக்கு இலையுதிர்காலம் பிடிக்காது. சான் ரஃபாயேலில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பூமியின் தென்பாதியில் எங்களுக்கு இலையுதிர்காலம் ஏப்ரலில்தான்; அது பிறந்தால் போதும், ஊருக்கே கிறுக்குப் பிடித்துவிடும். வருஷம் முழுக்க அண்ணாந்தே பார்க்காத ஆட்களெல்லாம் பிளாட்டனோ மரங்களைப் பார்த்தபடி நடுத்தெருவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். மஞ்சள் என்பார்கள், தங்கம் என்பார்கள். மடக்கு நாற்காலியும் வெந்நீர்க் குடுவையுமாக வந்து என் வீட்டுக்கு எதிரே உட்கார்ந்து, சாயங்காலம் வரை மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிவிட்டு, ரொட்டித் துணுக்கை என் வாசலில் உதறிவிட்டுப் போவார்கள். இலை அழகுதான், யார் இல்லை என்றது? அதை யார் பெருக்குவது? அதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நான் பெருக்குகிறேன். இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. ஒரு நாள் விடாமல் காலை ஏழு மணிக்கு வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையைப் பெருக்கி, கழுவி, காய்ந்ததும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கழியில் சுற்றி இழுத்துவிடுவேன். அப்போதுதான் தளம் பளபளக்கும். எங்கள் ஊரில் மானமுள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள உள்ளே போகவே வேண்டியதில்லை, நடைபாதையைப் பார்த்தால் போதும். என்னுடையது சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட ஓடு. குனிந்தால் முகம் தெரியும். மூலைக் கறிக்கடை அபெலார்தோ ஒருமுறை, தோன்யா என்று மரியாதையெல்லாம் வைத்து, "தோன்யா தெல்மீரா, உங்க வாசல்ல நடக்கணும்னா சர்க்கஸ்ல வேலை பாத்திருக்கணும்" என்றான். "உன்ன யாரு நடக்கச் சொன்னா? உன் செருப்பெல்லாம் ரத்தம்" என்றேன். அன்றிலிருந்து எதிர்ப்பக்கமாகத்தான் போகிறான்.

பக்கத்து வீட்டை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர்னெல்லா வாங்கினாள். புவெனோஸ் ஐரெஸ்காரி. அங்கே பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் எந்நேரமும் இரண்டு சால்வை. தலைநகரத்துக்காரர்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? நம் மலையையே நமக்கு விளக்குகிற ஜனங்கள். வந்த முதல் வருஷமே அவள் வாசலில் இலை கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்தது. ஓடு கூடப் போடாத வெறும் சிமெண்டுத் தரை, விரிசல் விட்டது, அதன் மேல் இந்தக் குப்பை. சரி, புதுசு, துடைப்பம் வாங்கியிருக்க மாட்டாள் என்று நான் பொறுத்தேன். இந்த ஏப்ரலில் பலகையே மாட்டிவிட்டாள். 'இலைகளைத் தொடாதீர்கள். இலையுதிர்காலம் நடந்துகொண்டிருக்கிறது' என்று பச்சை மையில் எழுதி, ஓரத்தில் ஒரு பறவை வேறு.

"இது என்ன அம்மணி?" என்று கேட்டேன்.

"படிக்கத் தெரியுமில்ல, தோன்யா தெல்மீரா?"

"தெரியும். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு அழகா எழுதிப் போடலாம்னுதான் தெரியல."

"ஊரே இதப் பாக்க வருது. நீங்க மட்டும்தான் துடைப்பத்தோட சண்டைக்கு வரீங்க."

"ஊரு பாத்துட்டு வீட்டுக்குப் போயிடும். உன் இலை காத்துல என் வாசலுக்குத்தான் வருது."

"என் இலையா? மரம் என்னுதா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது.

சும்மா இலைக்காக இவ்வளவு ஆடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த இலையைக் கண்டு நான் பயந்தேன். என் கிழவனுக்காகப் பயந்தேன்.

என் கிழவன் எவரிஸ்தோ இந்தத் தெருவுக்குத் தண்ணீர் விட்டவன். இந்த ஊர் பாலைவனம். மலையிலிருந்து வரும் தண்ணீர் தெருவோர வாய்க்கால்களில் முறை வைத்து ஓடுவதால்தான் ஒவ்வொரு மரமும் நிற்கிறது. எங்கள் தெரு முடியும் இடத்தில், இரண்டு பிளாக் தள்ளி, இரும்புச் சக்கரம் வைத்த மடை ஒன்று இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் அந்தச் சக்கரத்தைத் திருகி மடை திறந்தவன் அவன். வாய்க்காலில் யாராவது இலையைத் தள்ளினால் அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவான். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் சாயங்காலம் மடை வரை நடந்து, சக்கரத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். அதிலும் ஏப்ரலில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை போவான். இந்தக் கிறுக்கு ஊரில் முதல் கிறுக்கன் என் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

ஜனவரியில் பக்கவாதம் வந்தது. பேச்சு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது, கையும் பரவாயில்லை. வலது கால்தான் இழுத்துக்கொண்டது. பயிற்சி கொடுக்க வரும் யானினா என்ற பெண் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "முதல் ஆறு மாசம்தான் தோன்யா. இப்ப நடந்தா நடந்தாரு. குளிர் வந்து வீட்டுக்குள்ள உக்காந்துட்டாருன்னா அப்புறம் நாற்காலிதான்."

அவனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவனே ஒரு நாள் சொன்னான்.

"கிழவி, இலை முழுக்க விழறதுக்குள்ள மடைக்குப் போயிடுவேன்."

"போ. யாரு பிடிச்சா?"

"போகலன்னா, அப்புறம் போகவே மாட்டேன். அது எனக்கே தெரியுது."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்வாசல் வழியாக அவனை வெளியே அழைத்துப் போனேன். இடது கையில் தடி, வலது பக்கம் நான், அவன் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு. என் தளத்தின் மேல் அவன் நடக்கிற நடை இது: சுவரைப் பிடிப்பான், நிற்பான், வலது காலையே குனிந்து பார்ப்பான், அரை அடி வைப்பான், மறுபடி பார்ப்பான். ஓர்னெல்லா வீட்டு எல்லை வரும்போது நான் அவனைத் திருப்பிவிடுவேன். அந்தக் குப்பைக்குள் இறங்கினால் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வான். அப்புறம் எந்த மடை?

"அந்தப் பக்கம் போலாமே" என்பான்.

"அவ பெருக்கட்டும், போலாம்."

அவள் பெருக்குவாளா? நானே பெருக்கினேன். அவள் கடைக்குப் போகும் நேரம் பார்த்து அவள் வாசல் இலையை வாரிக் கறுப்புப் பையில் திணித்தேன். திரும்பி வந்தவள் நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"உங்களுக்கு வெக்கமா இல்ல? அடுத்தவங்க வாசல்ல திருடறீங்களே!"

"குப்பையத் திருடினேன்னு போலீசுக்குப் போன் பண்ணு. வந்து சிரிச்சிட்டுப் போகட்டும்."

"இருங்க. மரத்துல இன்னும் இருக்கு."

மறுநாள் காலை பார்த்தால் அவள் வாசலில் முன்னைவிட உயரமாக இலை. எதிர்ப்பக்கத்து இலையையெல்லாம் அள்ளி வந்து கொட்டியிருக்கிறாள், கொழுப்பைப் பாருங்கள்! அதில் சுருள் சுருளாகக் கோலம் வேறு. போகிற வருகிறவர்களெல்லாம் போட்டோ எடுத்தார்கள். அதில் பாதி காற்றடித்து என் ஓட்டின் மேல் வந்து விழுந்தது. நான் வாரினேன். அவள் கொட்டினாள். என் பின்கட்டில் கறுப்புப் பைகள் சுவர் உயரத்துக்கு ஏறின. இலை அள்ளும் லாரி வியாழக்கிழமைதான் வரும். வந்தாலும் ஒரு வீட்டுக்கு நாலு பைக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

இலை அதிகமாக ஆக நான் மண்ணெண்ணெயும் அதிகமாக்கினேன். காலையில் ஒரு தடவை இழுப்பதை இரண்டாக்கினேன். அவள் குப்பைக்குப் பக்கத்தில் என் வாசல் இன்னும் மின்ன வேண்டும், வருகிறவர்கள் இரண்டையும் பார்த்து எவள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெறி. கிழவன் ஒருமுறை மூக்கைச் சுளித்து, "வாசன தூக்குது" என்றான். "உனக்கு எல்லாமே தூக்கும்" என்றேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. நகராட்சி எங்கள் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு 'மஞ்சள் ஞாயிறு' என்று வைத்தது. அவ்வளவுதான், திருவிழாவே வந்துவிட்டது. சைக்கிளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒருத்தன் கிதார், ஒருத்தன் பறை மாதிரி ஒரு தோல் மேளம். அபெலார்தோ கடை வாசலில் அடுப்பு மூட்டிக் கறி சுட்டான். ஓர்னெல்லா நாலு மேசை போட்டு வண்ணம், தூரிகை, தாள் எல்லாம் பரப்பி, வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து இலை வரையச் சொல்லிக்கொண்டிருந்தாள். வங்கி மேலாளர் ஒருத்தர் நாக்கைத் துருத்திக்கொண்டு இலை வரைகிறார்! பிள்ளைகள் அவள் குவியலில் தொப் தொப்பென்று குதித்தன. குதிக்கும்போதெல்லாம் பத்து இலை என் பக்கம் பறந்தது. நான் துடைப்பத்தோடு வாசலில் நின்று ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளினேன்.

"தோன்யா தெல்மீரா, நீங்களும் ஒண்ணு வரையுங்களேன். மனசு கொஞ்சம் இளகும்" என்றாள், நாலு பேர் காதில் விழ.

"என் மனசு கெட்டியாத்தான் இருக்கு. உன் தரைதான் விரிசல் விட்டிருக்கு, அதப் பாரு" என்றேன், தெருவே காதில் விழ.

வானொலியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமை சோந்தா இறங்கும் என்று. மலையிலிருந்து வரும் சூட்டுக்காற்று அது. அடித்தால் ஒரு மரத்தில் ஓர் இலை மிஞ்சாது. கிழவனும் கேட்டிருக்கிறான். மதியச் சாப்பாடு முடிந்ததும் தூங்கப் போகாமல் சவரம் செய்துகொண்டான். வெள்ளைச் சட்டை, கம்பளி மேல்கோட்டு, தொப்பி.

"இன்னைக்குப் போறேன்" என்றான்.

"இந்தக் கூட்டத்துலயா? பாதி தூரம் போயி நின்னா எல்லாவனும் வேடிக்க பாப்பான்."

"பாக்கட்டும். நாளைக்கு இலை இருக்காது, கிழவி."

"இரு, வரேன். அடுப்புல மெம்பிரிஷோப் பழம் கொதிக்குது. அணைச்சிட்டு வரேன்."

இனிப்புக்குப் பழத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் விட்டால் அடிப்பிடிக்கும். இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைக்கிறேன், முன்கதவு திறக்கிற சத்தம். "இருன்னு சொன்னேன்ல!" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் வெளியே கிதார் நின்றது.

ஓடிப் போய்ப் பார்த்தால் கிழவன் என் சிவப்பு வெள்ளைக் கட்டத்தின் மேல் மல்லாந்து கிடக்கிறான். தொப்பி வாய்க்கால் ஓரத்தில். ஓர்னெல்லா எனக்கு முன்னால் வந்து அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த பயமெல்லாம் அவள் மேல் திரும்பியது.

"கைய எடு! உன்னாலதான்டி! உன் குப்பையால! எத்தன தடவ சொன்னேன், எத்தன தடவ! இந்த மனுஷன் விழுந்தா யாரு பொறுப்பு, உன் பலகையா?"

எல்லாரும் கீழே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கிழவனைச் சுற்றி ஓர் இலை இல்லை. நான் பெருக்கியிருந்தேனே. ஓடு கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் குதிகால் இழுத்துக்கொண்டு போன கோடு அதில் நீளமாகத் தெரிந்தது. அவன் மேல்கோட்டு முதுகெல்லாம் மண்ணெண்ணெய்.

"சொல்லிடட்டுமா, தோன் எவரிஸ்தோ?" என்று ஓர்னெல்லா அவனைக் கேட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தினமும் மத்தியானம் நீங்க தூங்கறப்ப உங்க வீட்டுக்காரர் பக்கவாட்டுக் கதவத் திறந்துக்கிட்டு வராரு" என்றாள். "அங்கேந்து என் வாசலுக்கு ரெண்டே எட்டு. என் இலைமேல நடந்து கறிக்கட மூலை வரைக்கும் போயிட்டுத் திரும்புவாரு. மூணு வாரமா. ஒரு நாள் கூட விழுந்ததில்ல. நான் எதுக்கு எதிர்ப்பக்கத்து இலையெல்லாம் கொண்டாந்து கொட்டினேன்னு நெனச்சீங்க? அழகுக்கா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுச் சங்கதியை என் வாசலில் இருந்துகொண்டு இன்னொருத்தி எனக்குச் சொல்கிறாள். அதற்காகவும் அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

எலும்பு எதுவும் முறியவில்லை. மணிக்கட்டு பிசகி, முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. வீக்கம் வடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லாம அவகூட என்ன கூத்து?"

"கத்தாத."

"கத்துவேன். என் தரையில நடக்க மாட்ட, அவ குப்பையில நடப்பியா?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு அந்தக் கால் இருக்கறதே தெரியல, கிழவி. அசையுது. ஆனா தரையத் தொட்டுதா, தொடலயான்னு தெரியாது. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். பாத்தா நடக்க முடியாது. இலைமேல வெச்சா சத்தம் கேக்குது. சரக்குன்னா வெச்சிட்டேன்னு அர்த்தம். அடுத்த கால எடுக்கலாம். உன் தரையில ஒரு சத்தமும் வராது."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"உன் தரையப் பத்தி உங்கிட்ட யாரு பேசறது?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் பின்கட்டுக்குப் போய், பழம் இறுகிக் கிடந்த பாத்திரத்தை எடுத்து வைத்துச் சுரண்டினேன். சுரண்டிக்கொண்டே அழுதேன்.

திங்கட்கிழமை சோந்தா வந்தது. காலை பத்து மணிக்கே வானம் பழுப்பாகி, ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டது. ஆறு மணி நேரம் பேய்க்காற்று. அடங்கிய பிறகு கதவைத் திறந்து பார்த்தேன். மரங்கள் மொட்டையாக நின்றன. விழுந்த இலை கூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்கள் பக்கம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஓர்னெல்லாவின் விரிசல் சிமெண்டு பளிச்சென்று தெரிந்தது. பலகை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன் அந்தத் தரையை அப்படிப் பார்க்க! பார்த்தேன். பார்க்கவே பிடிக்கவில்லை.

கிழவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வீக்கம் புதன்கிழமையே வடிந்துவிட்டது. யானினா வந்து எழுந்திருக்கச் சொன்னாள். "இலையெல்லாம் போச்சு, இனிமே எதுக்கு" என்றான். அவள் கெஞ்சினாள், நான் திட்டினேன். எதற்கும் அசையவில்லை. வாசலில் என்னிடம், "இப்படியே விட்டா அவ்வளவுதான் தோன்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை இலை லாரி வந்து என் வீட்டு முன்னால் ஹாரன் அடித்தது. நான் பின்கட்டில் நின்று என் கறுப்புப் பைகளைப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு. இந்தத் தெருவில் மிஞ்சியிருந்த இலை மொத்தமும் என்னிடம்தான் இருந்தது. லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். "ஒண்ணுமில்ல, போடா!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

ஞாயிறு மதியம், ஊர் தூங்கும் நேரம். நான் தூங்கப் போகவில்லை. பைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தேன். முதல் பையைப் பிரித்து என் ஓட்டின் மேல் கொட்டியபோது கை கூசியது, மறைக்க மாட்டேன். சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்து மண்ணெண்ணெயை எடுத்திருந்தேன், ஓடு மங்கலாகக் கிடந்தது. அதன் மேல் நானே குப்பையைக் கொட்டினேன். இலை நன்றாகக் காய்ந்திருந்தது. வலது கால் படும் பக்கமாக மட்டும், ஒரு முழ அகலத்துக்கு, மடை இருக்கும் திசையில் பரப்பிக்கொண்டே போனேன்.

மூலையைத் தாண்டும்போது அபெலார்தோ ஜன்னலைத் திறந்தான். "தோன்யா! என்ன பண்றீங்க? என் வாசல்ல குப்ப கொட்றீங்களா? நீங்களா?"

"ஆமா, நான்தான். வாய மூடிக்கிட்டு அந்த முக்குல நின்னு வண்டி வந்தா நிறுத்து. சாயங்காலம் நானே வந்து பெருக்கித் தரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றான், பாவம்.

ஓர்னெல்லா தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் பதினெட்டாவது பைக்காகத் திரும்பி வந்தபோது, "ஒத்தையாளா எவ்வளவு இழுப்பீங்க, நான் அந்தப் பக்கம் பரப்பறேன்" என்று குனிந்து ஒரு பையைத் தொட்டாள்.

"என் இலையத் தொடாத!" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்தது. சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். சிரிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு மறுபடி கட்டிக்கொண்டாள்.

இருபத்தாறாவது பையும் தீர்ந்தபோது மடைக்கு இன்னும் இருபது எட்டு பாக்கி இருந்தது. வெறும் சிமெண்டு. பையை உதறிப் பார்த்தேன், தூள்தான் விழுந்தது. அங்கேயே நின்று எல்லாரையும் சபித்தேன், சோந்தாவை, நகராட்சியை, ஓர்னெல்லாவை, கடைசியில் என் துடைப்பத்தை.

வீட்டுக்குள் போய் அவன் போர்வையை இழுத்தேன்.

"எழுந்திரு. வா."

"எங்க?"

"வாடான்னா வா."

வாசலுக்கு வந்து என் ஓட்டைப் பார்த்தவன் தடியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். வலது காலை எடுத்து வைத்தான். சரக். இடது கால். மறுபடி வலது. சரக். குனிந்து பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்து நடந்தான். நான் இடுப்பு வாரைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன், அது அவனுக்குத் தெரியாது. கறிக்கடை மூலையில் அபெலார்தோ ஒரு காரை நிறுத்தி வைத்திருந்தான். காரில் இருந்தவன் ஹாரன் அடிக்க, அபெலார்தோ அவன் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான். நாங்கள் தாண்டினோம். சரக், சரக் என்று அந்த மொட்டை மரங்களுக்கு அடியில் இரண்டாவது பிளாக்கும் முடியப்போனது.

இலை தீர்ந்த இடத்தில் அவன் நின்றான். சக்கரம் கண்ணுக்கு எதிரே இருந்தது. குனிந்து வலது காலைப் பார்த்தான். உடம்பு ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது.

"அவ்வளவுதான் இருந்துது" என்றேன். "இருபத்தாறு பை. திரும்பிடலாம்."

அவன் திரும்பவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து தரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அவன் செருப்பையே பார்த்தேன்.

"வை" என்றேன். "வை, நான் பாக்கறேன். இன்னும் கீழ. இன்னும். பட்டுது! இப்பப் பட்டுது. மத்தத எடு. நீ எதுக்குக் கீழ பாக்கற? நான்தான் பாக்கறேன்ல? சக்கரத்தப் பாரு. வை. பட்டுது. காலு வளையுது, நேரா வை, முப்பத்தெட்டு வருஷமா எதத்தான் நேரா வெச்ச? பட்டுது."

"கிழவி."

"என்ன?"

"விடாத. இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசு."

பேசினேன். என் வாய்க்கு என்ன குறை! குனிந்தபடியே, முதுகு விட்டுப்போக, அந்த இருபது எட்டுக்கும் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். தூங்கிக்கொண்டிருந்த வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. கடைசி எட்டில் அவன் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். "ஜில்லுன்னு இருக்கு" என்றான். அவன் தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பினால், இலை தீர்ந்த இடத்தில் ஓர்னெல்லா நிற்கிறாள். தெரு முழுக்க எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள். மூக்கை அந்தச் சால்வையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேடிக்க?" என்றேன். "திரும்பிப் போறதுக்கும் அவனுக்கு இலை வேணும். காத்து கலைச்சிடாம அங்க நின்னு பாத்துக்கோ."

"பெருக்கிடாதீங்க, அது போதும்" என்றாள்.

"நீ சொல்லி நான் கேக்கணுமா?" என்றேன். தடியைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தேன்.